மாதா சேலையில் ஆறு சொட்டு மெழுகு

அனுமந்தன்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண், மாதா சேலையில் தோன்றிய அற்புதத்தை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்து அழித்துவிட்டாளாம். அன்றைக்கே அவளுடைய வலது கை விளங்காமல் போய்விட்டதாம். இங்கே பஹ்ரைனில் எங்களோடு பூசைக்கு வரும் குமுளிக்காரர் ஒருவர் போன மாதம் இதைச் சொன்னார். அவர் எதையும் பார்த்தவர் இல்லை. கம்பத்துக்கு ஏலக்காய் விற்கப் போன அவருடைய மைத்துனர் கேட்டு வந்த கதை. மைத்துனருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அது அவருக்கு ஞாபகம் இல்லையாம்.

அந்தப் பெண் என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். பெயர் இருதயம்மாள். கை நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால், 1985இல், நான் விடுமுறைக்குப் போனபோது அந்தக் கையால்தான் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, குச்சியாட்டம்? அந்த ஊர்ல சோறே போட மாட்டாகளா?" என்று கேட்டாள். அவள் பிடித்த இடம் மறுநாளும் வலித்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கடல் தாண்டி இங்கேயே வந்துவிட்ட கதை, உள்ளூரில் இன்னும் எத்தனை சுற்று வந்திருக்கும்? அத்தை காதுக்கு எட்டியிருக்குமா? அதனால்தான் எழுதுகிறேன். அன்று நான் அந்த அறையில் இருந்தேன். சேலையின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் நான். தேதி, கிழமையில் பிசகு இருந்தால் ஊர்க்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். சேலையைப் பற்றி எழுதுவதில் பிசகு இருக்காது.

அத்தை பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சவேரியார்பட்டியில். அனுமந்தன்பட்டிக்கு மேற்கே, வாய்க்காலைத் தாண்டினால் நூறு வீடு, ஒரு கோயில், ஒரு ரைஸ்மில். மாமா இன்னாசிமுத்துவுக்கு லோயர் கேம்ப் பவர்ஹவுஸில் இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். அங்கே கரண்ட் எடுத்து எங்கெங்கோ அனுப்பினார்களே தவிர, எங்கள் தெருவில் அது இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். வீட்டுக்கு வீடு மெழுகுதிரிதான். மெழுகு கொட்டாத வீடு கிடையாது.

"புருசன் அங்கன கரண்ட் எடுக்குறாரு, பொஞ்சாதி இங்கன மெழுகு எடுக்குறா" என்று கிணற்றடியில் கேலி செய்வார்கள்.

"ரெண்டு பேருல யாரு வேலை நிக்காம நடக்குதுன்னு பாத்துக்கங்கடி" என்பாள் அத்தை.

கோயில் துணிகளைத் துவைத்து மடிக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது 1961இல். முதல் வருடமே பெரிய சறுக்கல். பீடத்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணியில் மெழுகு வழிந்திருந்தது. வெந்நீர் ஊற்றினால் உருகி ஓடிவிடும் என்று நினைத்து ஊற்றினாள். உருகத்தான் செய்தது. ஓடவில்லை. இழைக்குள் இறங்கிக்கொண்டது. சாண் அகலக் கறை முழ அகலமாயிற்று. வேறொருத்தியாக இருந்தால் துணியை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருப்பாள். அத்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அதை விரித்துக் காட்டினாள். "இது என் கையால வந்த தப்பு. இதைச் சரி பண்ணிட்டுத்தான் அடுத்த துணியைத் தொடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தத் தவக்காலம் முழுவதும் மாமாவின் பழைய வேட்டிகளின் மேல் வேண்டுமென்றே மெழுகைச் சொட்டிவிட்டு, ஒவ்வொரு வழியாகப் பார்த்தாள். மண்ணெண்ணெய், அரப்பு, சாம்பல், தவிடு. எது எடுக்கிறது, எது எடுப்பதுபோல ஏமாற்றுகிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். சனிக்கிழமை வந்த மாமா, கட்ட ஒரு வேட்டிகூட உருப்படியாக இல்லாததைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் லோயர் கேம்பிலேயே தங்கிவிட்டார். ஈஸ்டருக்கு அந்தப் பீடத் துணி கறை இல்லாமல் பீடத்தில் விரிந்தது.

அதற்குப் பிறகு அவளைத் தேடி ஆள் வர ஆரம்பித்தது. அத்தை முதலில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சூடா இருக்கையில தொடாத. ஆறி இறுகட்டும். பதறித் துடைக்கிறவன்தான் பரப்பி விடுறான்." சிமெண்டுத் தரையில் விழுந்ததைக் கொட்டாங்கச்சி விளிம்பால் சுரண்டி, மிச்சம் இருக்கும் வழுக்கலின் மேல் சூடான தவிட்டைத் தூவி, சாக்கால் தேய்ப்பாள். தவிடு குடித்துவிடும். பெஞ்சு, மேசை என்றால் மூங்கில் சிம்பு. இரும்பு படக் கூடாது. மெழுகுதிரி நிறுத்தும் பித்தளைத் தண்டுகளை அண்டாவில் போட்டு வெந்நீர் ஊற்றி ஆறவிடுவாள். மெழுகு மேலே ஆடையாகக் கட்டிக்கொள்ளும், அப்பளம் போல எடுத்துவிடலாம். பவனியில் முன்னால் போகிற பிள்ளைகளின் சடையில் பின்னால் வருகிறவர்கள் சொட்டிவிடுவார்கள். அதற்குத் தேங்காய் எண்ணெயும் சீப்பும். எடுத்த மெழுகு எதையும் எறிய மாட்டாள். பப்பாளிக் காம்பின் துளைக்குள் நூலைக் கோத்து, உருக்கி ஊற்றி, புதுத் திரியாக்கி, கொண்டுவந்தவர்களிடமே கொடுத்துவிடுவாள். கூலி வாங்கியதில்லை. போடியிலிருந்து ஒரு வக்கீல் வீட்டம்மாள் மேசை விரிப்போடு காரில் வந்தபோதும் அதே கணக்குதான். ஒரு கட்டு விரிப்பும் ஒரு திரியும் திரும்பிப் போயின.

இனி அந்த நாள். 1976 பிப்ரவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. எங்கள் கோயிலில் சாமியார் ஜெபம் சொல்லி மெழுகுதிரி மந்திரிக்கும் திருநாள்.

எங்கள் ஊரில் மாதாவுக்கு நேர்ச்சையாகச் சாத்தும் பட்டுச் சேலைகளை டிசம்பர் திருநாள் முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அதைக் கட்டிக்கொண்டு தாலி வாங்கினால் குடும்பம் தழைக்கும் என்று நம்பிக்கை. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த சாராள் அம்மாள், பட்டாளத்தில் இருந்த தன் மகன் ஜேசுராஜ் நல்லபடியாகத் திரும்பினால் மருமகளுக்கு மாதா சேலைதான் என்று நேர்ந்திருந்தாள். 1975 டிசம்பரில் அவளே நேரில் வந்து மயில்கழுத்து நிறப் பட்டு ஒன்றை ஏலத்தில் எடுத்தாள். அந்த மருமகள் என் தோழி செலின். அவளுடைய அப்பா பங்கிராஸ் வாய்க்கால் ஓரத்தில் இரண்டு ஏக்கர் நெல் போடுகிறவர். புதன்கிழமை கல்யாணம். ஜேசுராஜின் லீவு அடுத்த வாரம் முடிகிறது. அதை விட்டால் ஒன்றரை வருடம் கழித்துத்தான் லீவு.

கல்யாணத்துக்கு முன் சேலையை மாதாவின் காலடியில் வைத்து எடுப்பது வழக்கம். திருநாளாக இருக்கிறதே என்று திங்கட்கிழமை காலையிலேயே பங்கிராஸ் கொண்டுபோய் வைத்தார். பவனி முடிந்து வந்த கூட்டம், எரிகிற திரியோடு மாதாவைத் தொட்டு முத்தமிட நெருக்கியடித்தது. யார் கை சாய்ந்ததோ தெரியாது. முந்தானையில் ஒரு கரண்டி மெழுகு கொட்டிவிட்டது.

பார்த்ததும் பங்கிராஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் கோயில் காரியங்களைக் கவனிக்கும் கோயில்பிள்ளை பீட்டர்ராஜ் குனிந்து பார்த்துவிட்டு, "யாரும் தொடாதீக. இது புறா" என்றார்.

கூட்டம் எட்டிப் பார்த்தது.

"ஆமாய்யா, செறகு தெரியுது."

"எனக்குக் கோழியாட்டம் இருக்கு."

"ஏலே, வாயைக் கழுவு மொதல்ல."

மந்திரித்த மெழுகு, மாதாவுக்குச் சாத்திய சேலை, பரிசுத்த ஆவியின் அடையாளமான புறா, அதுவும் திருநாள் அன்று. கோழி என்று சொன்னவர்கூடக் கடைசியில் முழங்காலில் நின்றார். சேலையைச் சுற்றித் திரி ஏற்ற ஆரம்பித்தார்கள். அனுமந்தன்பட்டியிலிருந்து ஆள் வந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸின் கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வாய் வழியாகச் செய்தி பஸ்ஸுக்கு முன்னால் தேனிக்குப் போனது என்று நினைக்கிறேன். ஒன்றரை மணிக்கு ரைஸ்மில்லுக்குப் போன் வந்துவிட்டது. ஊரில் இருந்த ஒரே போன் அதுதான். மில் முதலாளி கர்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடி வந்தார்.

"பங்கிராசு, சாராள் அம்மா பேசுனாக. மாதாவே அடையாளம் போட்டு வச்ச சேலையை மனுசி கட்டக் கூடாதாம். மாதாவுக்கே திரும்பச் சாத்திரணுமாம். வேற சேலை கட்டுனா நேர்ச்சை பொய்யாப் போயிருமாம். அதனால கல்யாணத்தை அடுத்த லீவுக்குத் தள்ளிரலாமான்னு கேக்குறாக."

"தள்ளுறதா? ஒன்றரை வருசமா?" என்றார் பங்கிராஸ்.

"நாலு மணிக்குத் திரும்பப் போடுறாகளாம். அடையாளமா, வெறும் மெழுகான்னு அதுக்குள்ள பாத்துச் சொல்லச் சொன்னாக."

கேட்கப் பங்குச் சாமியாரும் இல்லை. பூசை முடிந்த கையோடு மதுரைக்குப் போனவர் செவ்வாய் இரவுதான் திரும்புவார். செலின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுகிற பெண்ணும் இல்லை அவள்.

அத்தை அதுவரை கோயில் பின்கட்டில் பித்தளைத் தண்டுகளோடு இருந்தாள். சத்தம் கேட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், சேலையைப் பார்த்தாள். சுற்றி நின்ற திரிகளைப் பார்த்தாள்.

"பீட்டரண்ணே, காலையில எத்தனை சொட்டு விழுந்துச்சு?"

"ஒன்னு."

"இப்ப எண்ணுங்க."

பீட்டர்ராஜ் எண்ணினார். "ஆறு."

"மத்தியானத்துக்குள்ள அஞ்சு குஞ்சு பொரிச்சிருச்சா ஒங்க புறா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பீட்டர்ராஜ் சிரிக்கவில்லை. "வெளையாடாத இருதயம். மாதா மேல கெடந்த சேலை. மந்திரிச்ச மெழுகு. அதுல போயி இஸ்திரிப் பெட்டியை வச்சேன்னா..."

"வச்சா?"

"கை விளங்காமப் போயிரும்."

அந்த வார்த்தை அங்கேதான் பிறந்தது. பதினோரு வருடம் நடந்து, குமுளி மலை ஏறி, கப்பல் ஏறி என்னிடம் வந்து சேர்ந்தது.

அத்தை செலின் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு என்னடி வேணும்? ஊருக்காகச் சொல்லாத. ஒனக்காகச் சொல்லு."

"எனக்குப் புதன்கிழமை கல்யாணம் நடக்கணும், அத்தை."

"அம்புட்டுத்தான்."

"ஜரிகை கருத்துப் போச்சுன்னா, இருதயம்?" என்றார் பங்கிராஸ்.

"போச்சுன்னா என் பேரைச் சொல்லு. நானே தேனிக்குப் போயி அந்தம்மா முன்னால நிக்குறேன்." பிறகு பீட்டர்ராஜைப் பார்த்து, "மந்திரிச்ச மெழுகு வீணாப் போகக் கூடாது, அதானே ஒங்க கவலை? தட்டை எடுத்துக்கிட்டு நீங்களே கூட வாங்க. ஒரு துணுக்கு கீழ விழாம ஏந்துங்க. உருக்கித் திரியாக்கி மாதா முன்னாலயே ஏத்திருவோம். அவ குடுத்தது அவகிட்டயே போகட்டும்" என்றாள்.

பீட்டர்ராஜ் காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ரைஸ்மில் ஆபீஸைத்தான் அத்தை கேட்டாள். பெரிய தேக்கு மேசை அங்கேதான் இருந்தது. மை ஒத்துகிற தாளும் கட்டுக் கட்டாக இருந்தது. போனை மேசையிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தோம். கர்ணன் ஆள் அனுப்பி உத்தமபாளையத்து ஐஸ் கம்பெனியிலிருந்து மரத்தூள் மூடிய ஐஸ்கட்டி ஒன்று வரவழைத்தார். அது வந்து சேர மூன்று மணி.

அத்தை ஐஸை உடைத்துப் பித்தளைச் சொம்புக்குள் போட்டாள். சொம்பின் வெளிப்பக்கம் வியர்க்க வியர்க்கத் துடைத்தாள். பட்டில் ஈரம் பட்டால் வளையம் விழுந்துவிடும். ஈரம் வேண்டாம், குளிர்ச்சி மட்டும் வேண்டும். சொம்பை ஒவ்வொரு சொட்டின் மேலும் வைத்து எடுத்தாள். மெழுகு வெளுத்து, கண்ணாடி மாதிரி இறுகியது. பிறகு துணியை அடியிலிருந்து விரலால் மெல்ல மடக்கினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். புறாவின் சிறகு தனியாக வந்தது. பீட்டர்ராஜ் தட்டை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினார்.

"கண்ணைத் தொறந்து ஏந்துங்கண்ணே. சட்டையில விழுந்துச்சுன்னா அதையும் நான்தான் எடுக்கணும்."

மிச்சத்தை எருமைக்கொம்புச் சீப்பின் முதுகால் தள்ளித் தள்ளி எடுத்தாள். நகம் படவில்லை. மேலே இருந்ததெல்லாம் போன பிறகு, இழைக்குள் இறங்கியது மட்டும் எண்ணெய்க் கறை போல ஆறு இடத்தில் மினுங்கியது. கஷ்டமான வேலை இனிமேல்தான்.

கர்ணன் உதவியாக இருக்கட்டும் என்று அன்றைய செய்தித்தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அதை வச்சுத் தேச்சா அச்சு மையெல்லாம் பட்டுல ஏறிரும், மொதலாளி. பொண்ணு தலைப்புச் செய்தியோட மணவறையில நிக்கும்."

செலின் அன்று முதல் தடவையாகச் சிரித்தது அதற்குத்தான்.

கொட்டாங்கச்சிக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அதன் அடியை வாழை இலைத் துண்டில் இழுத்துத் துடைத்தாள். இலை பொசுங்கினால் சூடு அதிகம். பொசுங்கியது. வெளியில் கொண்டுபோய் ஆறவைத்தாள். மறுபடி இலை. நிறம் மட்டும் மாறியது. கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். சேலையின் உள்பக்கம் மேலே வரத் திருப்பி, கீழே ஒரு ஒத்துத்தாள், மேலே ஒரு ஒத்துத்தாள், அதற்கு மேல் வெள்ளை வேட்டி. நான் ஒரு முனை, செலின் ஒரு முனை. இழுத்துத் தேய்க்கவில்லை, வைத்து, அழுத்தி, எடுத்தாள். நேரத்துக்குக் கடிகாரம் பார்க்கவில்லை. 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தின் முதல் பாதியை உதட்டுக்குள் சொல்வாள். பாதி முடியும்போது பெட்டி மேலே வந்துவிடும். முழு ஜெபம் சொன்னால் பட்டு வாடிப்போகும் என்பது அவள் கணக்கு.

தாளை எடுத்தபோது அதில் ஈரம் போல ஒரு வட்டம். புதுத் தாள். வட்டம் சின்னதாயிற்று. இன்னொரு தாள். வட்டம் இல்லை. ஒரு சொட்டுக்கு நான்கு தாள், ஐந்து தாள். வெளியே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. மேசை அதிரக் கூடாதென்று மில் இயந்திரத்தைக்கூடக் கர்ணன் நிறுத்தச் சொல்லிவிட்டார். அறுவடை நாளில் அவர் அப்படி நிறுத்தியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஆறாவது சொட்டு ஜரிகையின் மேலேயே விழுந்திருந்தது. முதலில் விழுந்ததும் அதுதான். அத்தை பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். வேட்டியை இரண்டாக மடித்தாள். பெட்டியை மறுபடி கன்னத்தருகில் பிடித்தாள், இன்னும் கொஞ்சம் ஆறக் காத்திருந்தாள். பிறகு வைத்தாள்.

பெட்டி துணியில் இருக்கும்போதே போன் அடித்தது.

பங்கிராஸ் திடுக்கிட்டு எழுந்தார். கர்ணன் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"யாரும் மேசையைத் தட்டாதீக" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. உதடு அசைந்தது. பாதி ஜெபம். பெட்டி மேலே வந்தது. தாளில் வட்டம். புதுத் தாள். மறுபடி பெட்டி. போன் அடித்து ஓய்ந்தது. இன்னொரு தாள். அதில் ஒன்றுமில்லை.

"இருதயம், அந்தம்மாதான். திரும்பப் போடுவாக. என்ன சொல்ல?" என்றார் பங்கிராஸ்.

"வெயில்ல பாக்காம நான் பதில் சொல்ல மாட்டேன். ஜரிகை வீட்டுக்குள்ள பொய் சொல்லும்."

சேலையை நானும் செலினும் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு நெல் காயப்போடும் களத்துக்குப் போனோம். எல்லோரும் பின்னால் வந்தார்கள். நாலு மணி வெயிலில் மயில்கழுத்து நிறம் நீலமும் பச்சையுமாக மாறி மாறி அடித்தது. ஜரிகை ஏலத்தில் பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அத்தை முந்தானையை ஒரு பக்கம் பார்த்தாள், திருப்பி மறுபக்கம் பார்த்தாள், விரலால் தடவினாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். கடைசியில் நிமிர்ந்தாள். அந்த நிமிர்வை எனக்கு எழுதத் தெரியவில்லை. பிஷப் ஊருக்கு வந்த அன்றுகூட அவள் அப்படி நின்றதில்லை.

"பீட்டரண்ணே, தட்டைக் கீழ வச்சிட்டு வாங்க. புறா எங்கன ஒக்காந்திருந்துச்சுன்னு காட்டுங்க."

பீட்டர்ராஜ் குனிந்தார். ஓரிடத்தில் விரல் வைத்தார். இல்லை என்று எடுத்தார். கொஞ்சம் தள்ளி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஜரிகைக்குப் பக்கத்தில் மூக்கு உரச மறுபடி தேடினார்.

"இங்கனதான்... இல்ல, இங்கன..."

அத்தை வலது கையை நீட்டி விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்குண்ணே. தேடுங்க, அவசரமில்ல."

களத்தில் இருந்த அத்தனை பேரும் சேலையைச் சுற்றிக் குனிந்து ஆளுக்கு ஓரிடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செலின் தன் கையிலிருந்த முனையைத் தோளில் போட்டுப் பார்த்தாள். ஆபீஸில் ஒருவரும் இல்லை. ஜன்னல் விளிம்பில் போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்திருந்தது.